ஃபார்மட் செய்வதற்கு முன்: மின்னஞ்சல்களும் முகவரிகளும் உண்மையில் எங்கே இருக்கின்றன?

கேள்வி இதுதான்: கணினி மிகவும் மந்தமாகிவிட்டதால் வட்டை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கிறது, பல ஆண்டுகளாகச் சேர்ந்த மின்னஞ்சல்களும் முகவரிகளும் அதில் இருக்கின்றன, எவற்றையெல்லாம் நகலெடுக்க வேண்டும், அல்லது அஞ்சல்கள் இணையத்தில்தானே இருக்கின்றன என்று விட்டுவிடலாமா? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்த பிறகு, இதே வேலையில் இறங்கியிருப்பவர்கள் பலர் என்பதால் சற்று விரிவாகவே விடையளிக்கிறேன்.

‘இணையத்தில்தானே இருக்கிறது’ என்பது சிலருக்கு முழு உண்மை, சிலருக்குப் பாதி உண்மை, இன்னும் சிலருக்கு அறவே பொருந்தாத நம்பிக்கை. எனவே எதை நகலெடுப்பது என்பதற்கு முன்னால், உங்கள் அஞ்சல்களின் மூலப்படி எங்கே இருக்கிறது, முகவரிகளின் மூலப்படி எங்கே இருக்கிறது என்று தனித்தனியே கண்டறிய வேண்டும். நகலெடுக்கத் தெரியாமல் அஞ்சலை இழந்தவர்களைவிட, இருக்கிறது என்று நம்பிய இடத்தில் அது இல்லாமல் போனதால் இழந்தவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

அஞ்சல் மென்பொருள்கள் சர்வரிலிருந்து, அதாவது அஞ்சல் சேவை தரும் நிறுவனத்தின் கணினியிலிருந்து, அஞ்சலைப் பெறுவதற்குப் பரவலாகப் பயன்படும் முறைகள் இரண்டு. ஐமேப் முறையில் அஞ்சல் சர்வரிலேயே தங்கியிருக்கும். கணினியில் நீங்கள் காண்பது அதன் பிரதி மட்டுமே. பாப் முறையிலோ அஞ்சல் உங்கள் கணினிக்கு இறக்கப்படும். சர்வரில் உள்ள படி உடனேயோ, குறிப்பிட்ட நாள்கள் கழித்தோ அழிக்கப்படும். அவுட்லுக்கில் இந்தக் கெடு வழக்கமாக 14 நாள்களாக அமைந்திருக்கும். கெடு முடிந்த பிறகு அந்த அஞ்சலுக்கு உலகத்திலேயே ஒரே படிதான் உண்டு. அது நீங்கள் அழிக்கப்போகும் வட்டில் இருக்கிறது. பாப் கணக்கில் நீங்கள் அனுப்பிய அஞ்சல்களின் நிலை இன்னும் மோசம்: அந்த முறை அஞ்சலைப் பெறுவதற்கு மட்டுமே உரியது என்பதால், அனுப்பியவற்றின் படியைச் சர்வரில் கொண்டுபோய் வைக்க அதில் வழியே இல்லை.

கணக்கு எந்த வகை என்பதை அமைப்புகளில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனாலும் அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ உலாவியைத் திறந்து, உங்கள் அஞ்சல் கணக்கின் வலைத்தளத்தில் நேரடியாக நுழையுங்கள். உள்பெட்டியில் மிகப் பழைய அஞ்சல் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பாருங்கள். அனுப்பியவற்றிலும் அதையே செய்யுங்கள். நீங்களே உருவாக்கிய கோப்புறைகள் அனைத்தும் அங்கே தென்படுகின்றனவா என்று ஒப்பிடுங்கள். அங்கே கண்ணால் கண்டவை மட்டுமே சர்வரில் இருக்கின்றன; மற்றவை கணினியில் மட்டும் இருப்பவை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஐமேப் பயன்படுத்துவோரும் இச்சோதனையைத் தவிர்க்கக் கூடாது. தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் மென்பொருளில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் இழுத்துப் போட்டவையும், அவுட்லுக்கின் ‘ஆட்டோஆர்க்கைவ்’ வசதி பழையவை என்று ஒதுக்கித் தனிக் கோப்பில் சேர்த்தவையும் சர்வரை விட்டு நீங்கியிருக்கும்.

இனி மென்பொருள் வாரியாகப் பார்ப்போம். அவுட்லுக்கில்தான் சிக்கல்கள் அதிகம். ஆகவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இங்கே சொல்வது பல்லாண்டுகளாகப் புழங்கும் கிளாசிக் அவுட்லுக்கைப் பற்றியது. விண்டோஸுடன் இப்போது வரும் புதிய அவுட்லுக் வேறொரு செயலி.

‘ஃபைல்’ பட்டியலில் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ சென்று, ‘டேட்டா ஃபைல்ஸ்’ என்ற தாவலைத் திறந்தால், அவுட்லுக் பயன்படுத்தும் எல்லாத் தரவுக் கோப்புகளும் அவை வட்டில் இருக்கும் இடத்தோடு தெரியும். அவற்றில் பி.எஸ்.டி. (.pst) என்று முடிபவை தன்னிறைவு உடைய கோப்புகள்; அவுட்லுக்கை மூடிவிட்டு அவற்றை அப்படியே நகலெடுத்து, வேறு கணினியில் திறந்து பார்க்கலாம். ஓ.எஸ்.டி. (.ost) என்று முடிபவை சர்வரின் பிரதிபலிப்புகள். அவை உருவான கணக்கோடும் அமைப்போடும் பிணைந்தவை என்பதால், நகலெடுத்துச் சென்று புதிய நிறுவலில் சாதாரணமாகத் திறக்க இயலாது. ஓ.எஸ்.டி. கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு நிம்மதியடைவது வெறும் மனநிறைவே. அதிலுள்ளவை வேண்டுமென்றால், பழைய நிறுவல் உயிரோடு இருக்கும்போதே, ‘ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்’ பகுதியில் உள்ள ‘இம்போர்ட்/எக்ஸ்போர்ட்’ வழியாகப் பி.எஸ்.டி. கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அப்போது கணக்கின் உச்சிக் கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, உட்கோப்புறைகளையும் சேர்க்கும் கட்டத்தில் குறியிட வேண்டும். பல கணக்குகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியே இதைச் செய்ய வேண்டும்.

இந்த ஏற்றுமதியில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, கடந்த சில மாதங்களின் அஞ்சலை மட்டும் கணினியில் வைத்துக்கொள்ளும்படி அவுட்லுக்கை அமைக்க முடியும். அப்படி அமைந்திருந்தால் ஏற்றுமதியாகும் கோப்பிலும் அந்தச் சில மாதங்களின் அஞ்சல்தான் இருக்கும். கணக்கின் அமைப்பில் ‘ஆஃப்லைனில் வைக்க வேண்டிய அஞ்சல்’ என்னும் பொருளுடைய நழுவுபட்டையை ‘அனைத்தும்’ என்ற முனைக்கு நகர்த்தி, முழுவதும் இறங்கி முடியும்வரை காத்திருந்து, பிறகு ஏற்றுமதி செய்யுங்கள். தண்டர்பேர்டிலும் ஐமேப் கோப்புறைகளுக்கு இதே நிலைமை ஏற்படலாம்: தலைப்பு மட்டும் இறங்கியிருக்கும்; உள்ளடக்கம் சர்வரிலேயே இருக்கும்.

அடுத்தது, அவுட்லுக்கின் மிகக் கொடிய பொறி. அவுட்லுக் 2013 முதல், ஐமேப் கணக்கைச் சேர்த்தால் அதனுடன் தொடர்புகள், நாட்காட்டி ஆகியவற்றுக்கும் கோப்புறைகள் உருவாகின்றன; அவற்றின் பெயரருகில் ‘திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும். எழுதியிருப்பதன் பொருள் அப்படியே உண்மை: அவை இந்தக் கணினியில் மட்டுமே உள்ளன. ஆனால் அவை சேமிக்கப்படுவதோ ஓ.எஸ்.டி. கோப்புக்குள். ‘என் கணக்கு ஐமேப், எல்லாம் சர்வரில் இருக்கிறது, ஓ.எஸ்.டி. வெறும் பிரதிதான்’ என்று சரியாகவே கணக்குப் போட்டவர்கள்கூட, தங்கள் முகவரிகள் முழுவதையும் இழப்பது இந்த இடத்தில்தான். இக்கோப்புறைகளில் ஏதேனும் இருந்தால், அவற்றைக் கட்டாயம் பி.எஸ்.டி. கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

அவுட்லுக்கைப் பொறுத்தவரை சில்லறைப் பொருள்களும் உண்டு. அஞ்சலின் அடியில் வரும் கையொப்பங்கள், மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் ‘ரோமிங்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘சிக்னேச்சர்ஸ்’ என்ற வரிசையில் இருக்கின்றன. அந்தக் கடைசிக் கோப்புறையை நகலெடுத்தால் போதும். அஞ்சல்களைத் தானே பிரித்து அடுக்கும் விதிகளை, விதிகளுக்கான சாளரத்தின் விருப்பங்களிலிருந்து தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். பெறுநர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டியவுடன் வந்து நிற்கும் பட்டியல், தொடர்புகளிலிருந்து வேறுபட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பலருடைய உண்மையான முகவரிப் புத்தகம் அந்தப் பட்டியல்தான். அதிலுள்ள பெயர்களை அவர்கள் ஒருபோதும் தொடர்புகளில் சேர்த்திருக்க மாட்டார்கள். முக்கியமானவர்களையாவது ஃபார்மட் செய்வதற்கு முன்பே தொடர்புகளில் சேர்த்துவிடுவது நல்லது.

தண்டர்பேர்ட் பயனர்களுக்கு வேலை எளிது. அஞ்சல், முகவரிகள், கணக்கு அமைப்புகள், சேமித்த கடவுச்சொற்கள், வடிகட்டிகள் அனைத்தும் ‘புரொஃபைல்’ எனப்படும் ஒரே கோப்புறைக்குள் அடங்கியிருக்கின்றன. உதவிப் பட்டியலில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ என்ற பக்கத்தைத் திறந்தால், அக்கோப்புறையைத் திறக்கும் பொத்தான் இருக்கும். அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, தண்டர்பேர்டை முழுமையாக மூடிவிட்டு, கோப்புறையை ஒன்றுவிடாமல் நகலெடுங்கள். உள்ளே பின்னொட்டே இல்லாத பெரிய கோப்புகள் சில தென்படும்; அவை எம்பாக்ஸ் வடிவத்தில் உள்ள உங்கள் அஞ்சல்கள், ஒரு கோப்புறைக்கு ஒரு கோப்பு. அவற்றின் அருகில் எம்.எஸ்.எஃப். என்ற பின்னொட்டோடு இருப்பவை வெறும் அட்டவணைகள். தொலைந்தாலும் தானே மறுபடி உருவாகும். அட்டவணையை மட்டும் எடுத்து அஞ்சலை விட்டுவிடுகிறவர்களும் உண்டு என்பதால்தான், தெரிந்தெடுத்து நகலெடுக்காமல் முழுவதையும் எடுங்கள் என்கிறேன். 2020ஆம் ஆண்டின் 78ஆம் பதிப்பிலிருந்து முகவரிப் புத்தகம் எஸ்கியூலைட் வடிவத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய நிறுவல்களில் எம்.ஏ.பி. (.mab) என்று முடியும் பழைய கோப்பு இருக்கும். இரண்டும் புரொஃபைலுக்குள்தான்.

அதன் விதிவிலக்கு ஒன்றுதான். ஒவ்வொரு கணக்கின் சர்வர் அமைப்பிலும் ‘லோக்கல் டைரக்டரி’ என்ற வரி இருக்கிறது. வட்டில் இடம் போதாமல் எப்போதோ அதை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால், அஞ்சல்கள் புரொஃபைலுக்கு வெளியே கிடக்கும். அந்த இடத்தையும் தனியே நகலெடுக்க வேண்டும்.

பழைய மென்பொருள்களை வைத்திருப்போருக்கு ஒரு சொல். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் டி.பி.எக்ஸ். கோப்புகளிலும், விண்டோஸ் லைவ் மெயில் ஒவ்வொரு அஞ்சலையும் தனித்தனி இ.எம்.எல். கோப்பாகவும் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு ஆதரவு நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. புதிய நிறுவலில் அவற்றையே திரும்ப நிறுவ முயல்வதைவிட, பழைய கணினியிலேயே அஞ்சல்களை ஐமேப் கணக்கொன்றின் கோப்புறைகளுக்கு இழுத்துப் போட்டுச் சர்வரில் ஏற்றிவிடுவது தெளிவான வழி. மேக் கணினியில் உள்ள மெயில் செயலி, அஞ்சல்பெட்டிகளை எம்பாக்ஸ் வடிவில் ஏற்றுமதி செய்கிறது.

முகவரிகளைப் பற்றித் தனியே பேச வேண்டும்; ஏனெனில் ஐமேப் நெறிமுறை அஞ்சலை மட்டுமே சுமக்கிறது, முகவரிகளைச் சுமப்பதில்லை. முகவரிகள் சர்வரோடு ஒத்திசைய வேண்டுமானால் அதற்குக் கார்ட்டேவ் போன்ற வேறொரு வழி தனியாக அமைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அஞ்சலுக்குச் செய்த அதே உலாவிச் சோதனையை முகவரிகளுக்கும் செய்யுங்கள்: கணக்கின் வலைத்தளத்தில் தொடர்புகள் பகுதியைத் திறந்து, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், கணினியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஜிமெயிலில், நீங்கள் பதிலெழுதியவர்களைத் தானே சேர்த்துக்கொள்ளும் ‘பிற தொடர்புகள்’ என்ற பட்டியல் தனியாக இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஏற்றுமதி செய்யும்போது இரண்டு வடிவங்களில் செய்து வைத்துக்கொள்வதையே பரிந்துரைக்கிறேன். ஒன்று வி-கார்டு, அதாவது வி.சி.எஃப். கோப்பு, கைப்பேசிகளும் பெரும்பாலான அஞ்சல் செயலிகளும் அதை ஏற்கின்றன. மற்றொன்று சி.எஸ்.வி. எனும் அட்டவணைக் கோப்பு. இரண்டுக்கும் குறைகள் உண்டு. பலருடைய முகவரிகள் அடங்கிய ஒரே வி-கார்டு கோப்பைக் கிளாசிக் அவுட்லுக்கில் கொடுத்தால், அது முதல் நபரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடும். சி.எஸ்.வி. கோப்பிலோ தமிழ்ப் பெயர்கள் அடிபடும்: யூ.டி.எஃப்.-8 என்னும் யூனிகோடு முறை அல்லாத குறியாக்கத்தில் சேமித்தால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். அதன் பிறகு மீட்க வழியில்லை. அந்தக் கோப்பை எக்செலில் திறந்து ‘சும்மா பார்த்துவிட்டு’ சேமிப்பதும் ஆபத்து. தொலைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யமும் கூட்டல் குறியும் காணாமல் போகும். நோட்பேடில் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் சரியாகத் தெரிந்தால், எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். அவுட்லுக்கில் குழு முகவரிகள் வைத்திருப்போர், அவை சி.எஸ்.வி.யில் வருவதில்லை என்பதால், தொடர்புகள் கோப்புறையைப் பி.எஸ்.டி.யாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நகலை எங்கே வைப்பது? அதே வட்டின் வேறொரு பகுதியில் வைப்பதை நான் ஏற்பதில்லை. நிறுவும்போது வட்டின் பகுதிகள் எண்களாகவே பட்டியலிடப்படும். தவறான எண்ணை அழிக்க ஒரு சொடுக்குப் போதும். வெளி வட்டில் ஒரு படி, வேறொரு கணினியிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொரு படி என்று இரண்டு இருப்பதே முறை. நிறுவல் நடக்கும்போது வெளி வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். பென் டிரைவைப் பயன்படுத்தினால் அதன் கோப்பு முறைமையைப் பாருங்கள்: ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பை அது ஏற்காது. அவுட்லுக் 2010 முதல் பி.எஸ்.டி. கோப்பு 50 ஜி.பி. வரை வளர இடமிருப்பதால் இது அரிதான தடை அல்ல. எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைமையில் இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸை மீட்டமைக்கும்போது ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று ஒரு தேர்வு வருகிறது. ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்று அது சொன்னாலும், டாக்குமெண்ட்ஸ் போன்ற கோப்புறைகளுக்குத்தான் அந்த வாக்குறுதி பொருந்தும். ஆப்டேட்டா கோப்புறைக்குப் பொருந்தாது. தண்டர்பேர்டின் புரொஃபைலும் அவுட்லுக்கின் ஓ.எஸ்.டி. கோப்புகளும் கையொப்பங்களும் இருப்பது அங்கேதான். வட்டை அழிக்காமலே நிறுவினால் பழையவை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையில் சில நாள்கள் கிடக்கும். பிறகு தானே நீக்கப்படும். தவறிவிட்டவருக்கு அது ஓர் இரண்டாம் வாய்ப்பு, அவ்வளவே. எஸ்.எஸ்.டி. வட்டை ஃபார்மட் செய்துவிட்டால் டிரிம் என்னும் செயல்முறை அழிந்த இடங்களை உடனே காலிசெய்துவிடும் என்பதால், மீட்பு மென்பொருள்களை நம்பி இருக்கக் கூடாது.

அஞ்சல் அல்லாத, ஆனால் அஞ்சலைத் திரும்பத் திறக்கத் தேவைப்படும் பொருள்கள் சில உண்டு. முதலாவது கடவுச்சொல், மென்பொருள் பல ஆண்டுகளாக அதை நினைவில் வைத்திருப்பதால் உங்களுக்கு மறந்தே போயிருக்கலாம். உலாவியில் ஒருமுறை கையால் தட்டி நுழைந்து பார்ப்பதே அதற்குச் சோதனை. இரண்டு படிச் சரிபார்ப்பு இருந்தால், அதற்கான கைப்பேசி கையில் இருக்க வேண்டும். காப்புக் குறியீடுகளை அதே கணினியில் அல்லாமல் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். சர்வர் பெயர்களையும் போர்ட் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: பாதுகாப்பான இணைப்பில் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995, அனுப்புவதற்கு 465 அல்லது 587 என்பது வழக்கம். அஞ்சலை மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்வோர், அதற்கான சான்றிதழைத் தனிச்சாவியோடு சேர்த்து ஏற்றுமதி செய்ய வேண்டும், ஓப்பன்பி.ஜி.பி. என்னும் மறையாக்க முறையின் சாவிகளுக்கும் அதே விதி. சாவி போய்விட்டால் அஞ்சல் கையில் இருந்தும் படிக்க முடியாது. கணினியில் வேறு வட்டுகள், விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் எடுத்து வைக்க வேண்டும்.

நகலெடுத்து முடித்ததும் அதைத் திறந்து பார்க்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது. இந்த ஓர் அறிவுரையில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரு இடங்களிலும் ஒப்பிடுவது முதற்படி. பிறகு வேறொரு கணினியில், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, நகலின் நகலொன்றைத் திறந்து, பழைய அஞ்சல் ஒன்றையும், இணைப்புக் கோப்புள்ள அஞ்சல் ஒன்றையும், தமிழ்ப் பெயருள்ள முகவரி ஒன்றையும் பாருங்கள். இணைப்பைத் துண்டிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பாப் கணக்கு அமைந்த புரொஃபைலை இணையத்தோடு திறந்தால், அது புதிய அஞ்சல்களை அந்தக் கணினிக்கு இழுத்துக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடக்கூடும்.

திரும்ப வைக்கும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் இயங்குதளம், அதன் புதுப்பிப்புகள், பிறகு அஞ்சல் மென்பொருள், அதன் பிறகு தரவு. எல்லாம் சரியாகத் தெரிந்த பிறகே அஞ்சல் பெறுதலை இயக்க வேண்டும். தண்டர்பேர்டை முன்பிருந்த பதிப்பு அல்லது அதற்குப் புதியதாகவே நிறுவுங்கள். பழைய பதிப்பு, புதிய பதிப்பின் புரொஃபைலைத் திறக்க மறுக்கும். பி.எஸ்.டி. கோப்பை வெளி வட்டிலிருந்தபடியே பயன்படுத்தாமல், கணினியின் வட்டில் நகலெடுத்துத் திறங்கள். பாப் கணக்கில், சர்வரில் மிஞ்சியுள்ள அஞ்சல்களை அவுட்லுக் புதியவை என்று கருதி மறுபடியும் இறக்கும். அண்மை நாள்களின் அஞ்சல்கள் இரட்டையாகத் தெரிந்தால் பதற்றப்பட வேண்டாம். தண்டர்பேர்டில், எவை முன்பே இறங்கின என்ற குறிப்பும் புரொஃபைலோடு வந்துவிடுவதால் இது நேர்வதில்லை.

புதிய நிறுவல் சில வாரங்கள் ஒழுங்காக ஓடும்வரை வெளி வட்டில் உள்ள படியை அழிக்க வேண்டாம். ஆனால் அதைக் கண்ட இடத்தில் போட்டு வைக்கவும் கூடாது. தண்டர்பேர்டில் முதன்மைக் கடவுச்சொல் அமைக்கப்படாமல் இருந்தால், புரொஃபைலின் நகல் யார் கையில் கிடைத்தாலும் அதிலுள்ள அஞ்சல் கடவுச்சொற்களை அவர் தம் கணினியில் திறந்து படித்துவிடலாம். நகலெடுப்பதற்கு முன்பே முதன்மைக் கடவுச்சொல்லை அமைத்துவிடுங்கள், அல்லது வெளி வட்டையே மறையாக்கம் செய்து, அதன் சாவியை வேறிடத்தில் வையுங்கள்.